சுவரை விட்டு இறங்கியவள்

செங்காட்டூர்ப் புதுப் பேருந்து நிலையத்துச் சுவரிலிருந்து மஞ்சள் சேலைக்காரி இறங்கி வந்த காலையில், ஈரோட்டு வண்டி எப்போதும்போலத் தாமதம், குழாயில் எப்போதும்போலத் தண்ணீர் இல்லை, ஊரில் புதிதாக நடந்தது அது ஒன்றுதான் என்றாலும் அதற்காக யாரும் கையில் இருந்த வேலையைக் கீழே போட்டுவிடவில்லை. சுவர்ப்படத்திலிருந்து ஒரு நீளமான கால் முதலில் தரைக்கு வந்ததையும், எருமை குட்டையை விட்டு ஏறுவதுபோல நிதானமாக மற்ற உடம்பு அதன் பின்னால் வந்ததையும், வந்தவள் சேலை மடிப்பில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்ததையும் டீக்கடை மாசிலாமணி பாலை ஆற்றிக்கொண்டே பார்த்தார். "டீயா, காப்பியா அம்மிணி?" என்று கேட்டார்.

அவளுக்குப் பதில் சொல்ல வாய் இல்லை. வாய் மட்டுமா, கண் இல்லை, மூக்கு இல்லை, புருவம் இல்லை; உடம்புக்குப் பொருந்தாத சின்னத் தலையில், கொண்டைக்குக் கீழே, தேய்த்துக் கழுவிக் கவிழ்த்த தட்டுப்போல வெறும் வழவழப்பு. தோல், நாவற்பழச் சாற்றைப் பாலில் கலந்த மாதிரி ஊதா நிறம். கை இரண்டும் முழங்காலைத் தாண்டித் தொங்கின. முழங்காலைத் தொடுகிற கை ராஜ லட்சணம் என்று வண்டிக்குக் காத்திருந்த ஒருவர் சொன்னார். மாசிலாமணி எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டீயை அவள் முன்னால் வைத்துவிட்டு, போனை எடுத்துக் கோகிலவாணியைக் கூப்பிட்டார்.

"கோகிலா, உன்ர படத்துல இருந்து ஒரு பொண்ணு எறங்கி வந்து இங்க உக்காந்திருக்குது. வந்து கூட்டீட்டுப் போ கண்ணு. வயசுப் பொண்ணு, ரொம்ப நேரம் தனியா உட வேண்டாம்."

எந்தப் பெண் என்று கோகிலவாணி கேட்கவில்லை. அந்தச் சுவரில் அவள் படமாக எழுதிய அத்தனை பேரில், ஒரு காலை முன்னால் எடுத்துவைத்து எங்கேயோ கிளம்பியவள்போல நின்றவள் மஞ்சள் சேலைக்காரி ஒருத்திதான்.

கோகிலவாணிக்கு வயது முப்பத்தைந்து. படம் போடுவது தொழில். பெங்களூரில் இருந்து செய்த அதே வேலையை இப்போது அம்மா வீட்டு மாடியறையில் இருந்து செய்துகொண்டிருந்தாள். காப்பீட்டுக் கம்பெனி, மருந்துக் கம்பெனி, வீட்டு வாசலுக்குச் சாப்பாடு கொண்டுவரும் கம்பெனி என்று யாருக்குப் போட்டாலும் ஒரே மாதிரி ஆட்கள்தான்: சின்னத் தலை, பெரிய பாதம், ரப்பர்போல வளையும் கை, ஊதாவிலோ பச்சையிலோ தோல், மூஞ்சி கிடையாது. மூஞ்சி இல்லாவிட்டால்தான் பார்க்கிறவர்கள் அங்கே தங்களைப் பொருத்திக்கொள்வார்கள் என்பது அந்தத் தொழிலின் வேதவாக்கு. வருஷக்கணக்கில் அப்படியே போட்டுப் போட்டு, ஒரு கண்ணை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதே அவள் விரலுக்கு மறந்துபோயிருந்தது. அதை ஒரு பெரிய நஷ்டமாக அவள் நினைத்ததும் இல்லை.

பேருந்து நிலையம் கட்டி முடிந்ததும் பேரூராட்சித் தலைவர் அர்த்தநாரி அவளைத் தேடி வந்தார். நீளமான சுவர் சும்மா கிடக்கிறது, ஊர் மக்களை அதில் எழுதிக் கொடு, ஆனால் ஒரே ஒரு கண்டிஷன் என்றார்.

"மூஞ்சி வேண்டாம் அம்மிணி. மூஞ்சின்னு ஒண்ணு போட்டீன்னா, இது எங்காளுக மூஞ்சியாட்டம் இல்லையேன்னு ஒருத்தன் வருவான். எங்க தலைவர் சாயல் இல்லையேன்னு இன்னொருத்தன் வருவான். என்ர சம்சாரமே வந்து, அதாரு அந்தப் பொம்பளைன்னு கேப்பா. வழிச்சு உட்டுரு. எல்லாரும் ஒத்துமையா இருப்பாங்க."

"எனக்கும் அதுதானுங்க சுலபம்," என்றாள் கோகிலவாணி.

அப்படியே எழுதினாள். தறி ஓட்டுகிறவர், மஞ்சள் மூட்டை தூக்குகிறவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், ஆடு மேய்க்கிறவள், நடுவில் இந்த மஞ்சள் சேலைக்காரி. திறப்பு விழாவில் எல்லோரும் கை தட்டினார்கள். விழாப் பந்தலைப் பிரித்த பிறகுதான் கைக்குழந்தைகள் அந்தப் பக்கம் வந்தாலே வீறிடத் தொடங்கின. பயணிகள் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டுச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் முதுகு குறுகுறுக்கிறது என்று மறுபடியும் திருப்பிப் போட்டார்கள். பூக்காரி ஒருத்தி கோகிலவாணியை வழிமறித்து, "ஏங்கண்ணு, அதுகளை நம்மளைப் பாக்காத மாதிரி எழுதப்படாதா?" என்று கேட்டாள்.

"அதுகளுக்குக் கண்ணே இல்லையேக்கா."

"அதைத்தான் சொல்றேன். கண்ணு இருந்தா எங்க பாக்குதுன்னு தெரியும், அக்கட்டால தள்ளிப் போயிக்கலாம். இல்லாததுனால எல்லாப் பக்கமும் பாக்குது."

கோகிலவாணி சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து அவளும் பேருந்து நிலையத்துக்குப் பின்வாசல் வழியாகத்தான் போய்வந்தாள்.

இப்போது டீக்கடையில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் பெஞ்சில் இருந்தவள் தலையைத் திருப்பினாள். பார்த்தாள் என்று சொல்ல வழியில்லை, இருந்தாலும் பார்த்தாள். அவள் எழுந்து வந்து, பள்ளிக்கூட வாசலில் காத்திருந்த பிள்ளை அம்மாவின் கையைப் பிடிப்பதுபோலக் கோகிலவாணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கையில் பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை.

வீட்டில் அம்மா இரத்தினாம்பாள் கேபிள் டிவிக்காரனோடு வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சண்டையை ஒரு நிமிஷம் நிறுத்தி வந்தவளை ஏற இறங்கப் பார்த்து, "வா சாமி, எந்தூரு?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. கூச்ச சுபாவம் என்று தானே முடிவுகட்டிக்கொண்டு, கால் கழுவத் தண்ணீர் காட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தாள். படத்திலிருந்து வந்தவளாகையால் ஓவியம்மாள் என்று பேர் வைத்ததும் அவள்தான்.

ஓவியம்மாள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, எந்த வேலைக்கும் மாட்டேன் என்று தலையாட்டவில்லை. அந்த நீளக் கையால் பரண் மேல் பாத்திரத்தை ஏணியில்லாமல் எடுத்தாள், எட்டாத ஒட்டடையை எட்டி அடித்தாள், பக்கத்து வீட்டுக் கிணற்றில் விழுந்த வாளியை அநாயாசமாகத் தூக்கிக் கொடுத்தாள். அதன் பிறகு அந்தத் தெருவில் அவளை இரவல் கேட்காத வீடு இல்லை. அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கக் கூட்டிப் போனபோது, கேமராப் பெட்டி ஒரு தரம்கூட மறுக்காமல் "முகம் தெளிவாக உள்ளது" என்று சொல்லிப் பச்சை விளக்கு எரித்தது. தன் படத்துக்கு மூன்று தடவை சிவப்பு எரிந்த இரத்தினாம்பாள் அதை அவமானமாக எடுத்துக்கொண்டாள். ஊருக்குள் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது, ஆனால் முகமே இல்லாத ஒருத்தி முகம் சுளிக்க மாட்டாள், முகத்தில் அடித்தமாதிரி பேச மாட்டாள், முகம் கொடுக்காமல் போக மாட்டாள் என்று தெரிந்துகொண்ட பிறகு, நல்ல காரியத்துக்குப் போகும்போது அவள் எதிரே வந்தால் நல்லது என்கிற அளவுக்கு அவளுக்கு முகராசி வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு ஆட்கள் தனித்தனியாக வர ஆரம்பித்தார்கள். வந்து, கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, அவளிடம் பேசினார்கள். புருஷனிடம் சொல்ல முடியாததை, டாக்டரிடம் சொல்லக் கூசியதை, சாமியிடம் சொன்னால் சாமி என்ன நினைக்குமோ என்று அடக்கிவைத்ததை எல்லாம், வாயில்லாதவள் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறாள் என்ற நிம்மதியோடு அவளிடம் இறக்கிவைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அர்த்தநாரிகூட ஒருநாள் மத்தியானம் வந்தார். போகும்போது வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். யாரும் அவளை எப்படி இருக்கிறாய் என்று கேட்டதாக மட்டும் கோகிலவாணிக்கு நினைவில்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்க்கும்போது, குனிந்து பேசுகிறவர்களின் தலையும், நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அந்த வழவழப்பும் மட்டும் தெரியும்.

தினமும் தவறாமல் வந்தவள் மிட்டாய்க்கடை கனகவல்லி. அவளுடைய ஒரே மகள் சுபாஷிணி நர்சிங் படிக்கும்போது மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். முதல்நாள் வந்து ஓவியம்மாளின் எதிரே உட்கார்ந்த கனகவல்லி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கோகிலா, நீ பாத்தியா? அப்படியே என் புள்ள," என்றாள். கோகிலவாணி பார்த்தாள். ஒன்றும் இல்லை. "ஆமாங்க்கா," என்றாள். மறுநாளிலிருந்து கனகவல்லி ஒரு சீப்போடு வந்து, வண்ணத்தில் தீட்டிய அந்தக் கொண்டையை, அது கலையாது என்று தெரிந்தும், வாரிவிட்டுப் போனாள்.

கனகவல்லிக்கு மகள் தெரிந்ததுபோல மற்றவர்களுக்கும் யாராவது தெரிந்தார்கள். ரேஷன் கடைக்காரருக்கு ஓடிப்போன தங்கை. தையல்கார ஸ்டீபனுக்குச் சின்ன வயது டீச்சர். இரத்தினாம்பாளுக்கு, எதிர்த்துப் பேசாத ஒரு மகள். ஊரே அவளிடம் போய் அவரவருக்கு வேண்டிய முகத்தைப் பார்த்துவிட்டு வந்தது. கோகிலவாணிக்கு மட்டும் அங்கே எதுவும் தெரியவில்லை. தெரியாததனால் அவள் ஓவியம்மாளைக் கண்டாலே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

இந்த நிலைமையில்தான் வள்ளியாத்தாள் பெண் கேட்டு வந்தாள். அர்த்தநாரிக்கு அக்கா, ஊருக்குக் கிழக்கே தென்னந்தோப்பு, ஒரே மகன் தீர்த்தகிரி. பார்த்த பெண்ணையெல்லாம் ஏதாவது ஒரு குறை சொல்லி அவன் தட்டிக்கழித்துக்கொண்டே வந்ததில் அவன் தலையில் முன்பக்க முடி போய்விட்டது. பேரூராட்சி ஜீப்பில் தாயும் மகனும் தாய்மாமனும் வந்து இறங்கினார்கள். ஓவியம்மாள் காப்பித் தட்டைக் கொண்டுவந்தாள். நீளக் கையாகையால் சமையலறை வாசலில் நின்றபடியே எல்லோருக்கும் கொடுத்தாள்.

"எங்கம்மா சாயல்," என்றாள் வள்ளியாத்தாள் உடனே. "அந்தக் காலத்துல எங்கம்மா ஒரு பேச்சு எதுத்துப் பேச மாட்டா."

"எனக்குப் புடிச்சிருக்குது," என்றான் தீர்த்தகிரி காப்பியைப் பார்த்தபடி. அவன் ஒரு பெண்ணைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்பதால் அர்த்தநாரி எழுந்தே நின்றுவிட்டார்.

"கலர்தான் கொஞ்சம் கம்மி," என்றாள் வள்ளியாத்தாள்.

"ஊதாங்க அது," என்றாள் கோகிலவாணி.

"கல்யாணம் ஆனா வெளுத்துரும். அதுகெடக்குது. என்ன ஆளுங்க?"

இந்தக் கேள்விக்கு அர்த்தநாரியிடம் பதில் இருந்தது. சுவர் பேரூராட்சியுடையது, அது எல்லாருக்கும் பொது. அதனால் சுவரை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் பெயிண்ட் வாங்கியது அவருடைய சகலை கடையில், குழைத்த தண்ணீர் அவருடைய தோட்டத்துக் கிணற்றில் எடுத்தது. ஆகையால் பெண் சந்தேகமில்லாமல் நம்ம ஆளுங்கதான். வள்ளியாத்தாள் நிம்மதியாகக் காப்பியைக் குடித்தாள். குடித்துவிட்டுக் கோகிலவாணியைப் பார்த்து, பாசமாகத்தான், சொன்னாள்: "நீயும் இவளாட்டம் இருந்திருந்தா உனக்கும் எப்பவோ ஆயிருக்கும்."

அவர்கள் போனபிறகு கோகிலவாணி அம்மாவிடம் சண்டைக்குப் போனாள். "அவகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமாம்மா?"

"என்னத்தைக் கேக்கறது? வாயில்லாப் பூச்சி. நல்ல எடமா அமையறதே பெருசு. ஏன், உனக்குப் பொறாமையா?"

கோகிலவாணி மாடிக்கு ஏறினாள். ஓவியம்மாள் அங்கே நிலைக்கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அந்த நீளக் கையின் ஊதா விரல்கள், நெற்றி இருக்க வேண்டிய இடத்திலிருந்து தாடை இருக்க வேண்டிய இடம் வரைக்கும் மெல்ல மெல்ல இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவள்போலத் தேடிக்கொண்டிருந்தன. கோகிலவாணி முதல் தடவையாகக் கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்தாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை நாள் தான் பயந்தது இவளைக் கண்டு அல்ல, இங்கே ஒன்றை எழுதாமல் விட்ட தன் கையைக் கண்டுதான் என்று அப்போது அவளுக்கு உறைத்தது.

"மொகம் வேணுமா உனக்கு?"

ஓவியம்மாள் வந்து அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

கோகிலவாணி கறுப்பு மசியும் தூரிகையும் எடுத்தாள். முதலில் போட்ட முகம் சோப்பு விளம்பரத்து மாதிரி அழகாக, யாருடையதாகவும் இல்லாமல் வந்தது. ஓவியம்மாள் கண்ணாடியில் பார்த்தாள், முந்தானையால் துடைத்துவிட்டாள். அடுத்தது அம்மாவைப்போல வந்தது, துடைத்தாள். அதற்கடுத்தது கோகிலவாணியைப் போலவே வந்தது. அதை மட்டும் கொஞ்ச நேரம் வைத்திருந்து, மரியாதைக்குப் போலச் சற்றுப் பொறுத்து, பிறகு துடைத்தாள். முந்தானை முழுக்கக் கறுப்பாயிற்று. கோகிலவாணிக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷத் தொழிலில் ஒரே ஒரு மூஞ்சி வரவில்லை.

முகம் எழுதும் சேதி எப்படியோ வெளியே போய்விட்டது. உடனே யோசனைகள் வரத் தொடங்கின. கண் பெரிதாக இருக்கட்டும், ஆனால் தரையைப் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்றது ஒரு தரப்பு. மூக்கு எடுப்பாக வேண்டாம், எடுப்பான மூக்கு கோபக்காரி என்றது இன்னொன்று. கனகவல்லி மகளின் போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். வள்ளியாத்தாள் ஆளனுப்பிச் சொன்னாள்: கல்யாண ஆல்பத்துக்கு ஒரு முகம் இல்லாமல் முடியாது, அதனால் எழுதட்டும், ஆனால் வாய் மட்டும் சின்னதாக, சிரித்து மூடின மாதிரி இருக்க வேண்டும், திறக்கிற மாதிரி வேண்டாம். நிச்சயத்தன்று சபையில் வைத்தே எழுதினால் எல்லோரும் பார்த்துத் திருத்தம் சொல்ல வசதியாக இருக்கும்.

நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை மாற்றிக்கொள்ள நல்ல நாள் பார்த்து, மண்டபம் பிடித்து, இரண்டு தெருக்கூட்டம் வந்து உட்கார்ந்தது. ஓவியம்மாளுக்கு அரக்குப் பட்டு கட்டியிருந்தார்கள். பொட்டை எங்கே வைப்பது என்று பெண்கள் கொஞ்சம் குழம்பி, உத்தேசமாக ஓர் இடத்தில் வைத்தார்கள். தட்டுகளைப் பரப்பியானதும் பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்து, "பொண்ணுக்குச் சம்மதங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, ஓவியம்மாளைப் பார்க்காமல் கோகிலவாணியைப் பார்த்தார். எழுதினவள் அவள், அவள்தான் சொல்ல வேண்டும். ஆமாம் என்று ஒரு வார்த்தை. எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனிக்காரர்கள், தலைவர், அம்மா என்று யார் என்ன சொன்னாலும் சரிங்க என்று சொல்லிப் பழகிய நாக்கு கோகிலவாணியுடையது. இப்போதும் சரிங்க என்று சொல்லத்தான் எழுந்தது.

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "அவளைக் கேளுங்க."

"வாயில்லாத புள்ளையை எப்படிக் கேக்கறது?" என்றார் பெரியவர். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"அதானே," என்றாள் வள்ளியாத்தாள். "நீ மொதல்ல மூஞ்சியை எழுது அம்மிணி. வாய் சின்னதா."

கோகிலவாணி தூரிகையை மசியில் தோய்த்து எடுத்துக்கொண்டு போய் ஓவியம்மாளின் முன்னால் மண்டியிட்டாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பிறகு அவள் செய்தது மிகச் சின்ன காரியம். ஆனால் அதுவரை அது அவளுக்கோ அந்த ஊரில் வேறு யாருக்குமோ தோன்றவே இல்லை. தூரிகையைத் திருப்பி, பிடியை ஓவியம்மாளின் கையில் கொடுத்தாள்.

ஓவியம்மாள் அதை வாங்கிக்கொண்டாள். கண்ணாடி கேட்கவில்லை. சபை பார்த்திருக்க, வலது கண்ணைப் பெரிதாக எழுதினாள், இடது கண்ணைச் சின்னதாக எழுதினாள், அது கொஞ்சம் மேலே ஏறிப் போய்விட்டது, அதைப் பற்றிக் கவலைப்படாமல் கம்பளிப்பூச்சி மாதிரி இரண்டு புருவம் எழுதினாள், நடுவில் வளைந்த ஒரு மூக்கை இழுத்தாள், கடைசியில் தூரிகையை நன்றாகத் தோய்த்து, இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னம் வரைக்கும் அகலமாக, இன்னும் அகலமாக, ஒரு வாயை எழுதினாள். அழகு என்று யாரும் சொல்ல முடியாது. யாருடைய அம்மாவும் இல்லை, தங்கையும் இல்லை, டீச்சரும் இல்லை. அந்த முகம் அதற்கு முன்னால் அந்த ஊரில் இருந்ததே இல்லை. சுவரைக் கண்டு வீறிட்ட குழந்தைகள் அதைக் கண்டு கைகொட்டிச் சிரித்தன. பெரியவர்கள்தான் பயந்தார்கள்.

மசி காய்ந்தது. கண் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிமிட்டின. வாய் திறந்தது.

"பசிக்குது," என்றாள் ஓவியம்மாள்.



"வாயைத் தொறந்ததும் சோத்தைக் கேக்குது," என்று வள்ளியாத்தாள் முனகினாள். ஓவியம்மாள் பெரிய கண்ணால் அவளைப் பார்த்தாள். அப்புறம் அர்த்தநாரியைப் பார்த்தாள். அப்புறம் நிதானமாக, வரிசை வரிசையாக, எல்லோரையும் பார்த்தாள். அப்போதுதான் ஒவ்வொருவருக்கும் துணி துவைக்கிற கல் நினைவுக்கு வந்தது. அந்தக் கல்லில் உட்கார்ந்து தான் சொன்னது நினைவுக்கு வந்தது. சொன்னதையெல்லாம் கேட்டவளுக்கு இப்போது வாய் இருக்கிறது; அதுவும் சின்ன வாய் இல்லை.

வள்ளியாத்தாளுக்கு வீட்டில் மாடு கன்று போடப் போவது திடீரென்று ஞாபகம் வந்தது. பெரியவருக்குப் பிரஷர் மாத்திரை. ரேஷன் கடைக்காரருக்குச் சாவி. அர்த்தநாரிக்கு அவசரக் கூட்டம் ஒன்று இருந்தது. என்ன கூட்டம் என்று கேட்டவருக்கும் அதே கூட்டம் இருந்தது. தீர்த்தகிரி மட்டும் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "அன்னிக்குக் கல்லுல உக்காந்து நான் சொன்னது..." என்றான்.

"சொல்ல மாட்டேனுங்க," என்றாள் ஓவியம்மாள். "நீங்களாச் சொல்லுங்க. அம்மாகிட்ட."

அவன் அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனான். அதே மாதம் திருப்பூருக்குக் குடிபோய்விட்டான், தனியாக அல்ல என்று கேள்வி.

இரு தெருவுக்குச் சமைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. ஓவியம்மாள் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். இத்தனை நாள் சாப்பிடாததையெல்லாம் சேர்த்துச் சாப்பிட்டாள். கோகிலவாணி பரிமாறினாள். இரத்தினாம்பாள் ஓரமாக உட்கார்ந்து, ஒரு நல்ல சம்பந்தம் ஓர் அகல வாயால் போயிற்றே என்று அழுதுவிட்டு, "ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு செங்காட்டூரில் அவளுக்கு முகராசி இல்லாமல் போயிற்று. எதிரே வந்தால் வழியை மாற்றிப் போனார்கள். அவள் யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை ஒருவரும் நம்பவில்லை. அமைச்சர் வருகிறார், அன்று ஒருநாளைக்கு மட்டும் பழையபடி சுவரில் ஏறி நிற்க முடியுமா என்று பேரூராட்சியிலிருந்து ஆள் வந்து கேட்டபோது, முடியாது என்றாள். சுவரில் அவள் விட்டுவந்த வெள்ளை இடத்தில் கல்லூரிப் பெண்கள் போய் நின்று தங்களைப் படம் எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் அவள் குறட்டை விட்டாள், கருவாடு கேட்டாள், சீரியல் பார்க்கும்போது நடுவில் பேசினாள். இரத்தினாம்பாளும் அவளும் தினமும் சண்டை போட்டார்கள். கோகிலவாணி பெங்களூருக்கு அனுப்பிய அடுத்த படத்தில் எல்லோருக்கும் கண் இருந்தது. படம் நன்றாக இருக்கிறது, ஆனால் பார்த்தால் ஏதோ பயமாக இருக்கிறது, அந்தக் கண்களை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று மறுநாளே போன் வந்தது.

"முடியாதுங்க," என்றாள் கோகிலவாணி. சொல்லிவிட்டு, இனி வேலைக்கு என்ன செய்வது என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் வேறு வேலை தேட ஆரம்பித்தாள்.

கனகவல்லியும் வரவே இல்லை. நிச்சயத்தன்று அந்த முகம் எழுதி முடிந்தபோது எல்லோருக்கும் முந்தி மண்டபத்தை விட்டு எழுந்து போனவள் அவள்தான். அவள் யாருக்கும் பயந்து போகவில்லை. மகள் இரண்டாம் தடவையும் போய்விட்டாள் என்று கடையைச் சாத்திவிட்டுப் படுத்திருந்ததாகச் சொன்னார்கள். சொன்னவர்களுக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது, கோகிலவாணிக்கு அப்படித் தெரியவில்லை. இரண்டு தடவை அவள் கடைத் தெருவரைக்கும் போய், மூடின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் கனகவல்லி தானாகவே வந்தாள். கையில் சீப்பு இல்லை. ஒரு தூக்குப் பாத்திரம் இருந்தது. கொல்லைப்புறத்தில் ஓவியம்மாளின் எதிரே உட்கார்ந்து, அந்தக் கோணல் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பெரிய கண்ணில் தேடினாள், சின்னக் கண்ணில் தேடினாள். பிறகு பெருமூச்சு விட்டுத் தூக்கைத் திறந்தாள். மைசூர்பாகு.

"சாப்பிடு."

ஓவியம்மாள் ஒரு துண்டை முழுதாக வாயில் போட்டு மென்றாள். "சக்கரை ஜாஸ்திங்க," என்றாள்.



"என் புள்ள ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை," என்றாள் கனகவல்லி.

"நான் உங்க புள்ள இல்லீங்களே."

"இல்லைதான்," என்றாள் கனகவல்லி. அந்தச் சொல்லை வெளியே எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிற ஒருத்தியிடம் கேட்பதுபோலக் கேட்டாள்: "உன்ர பேரென்ன கண்ணு?"

"ஓவியம்மாள்னு வெச்சிருக்கறாங்க. வேற ஏதாச்சும் நல்ல பேரா யோசிச்சிட்டு இருக்கறனுங்க."

"வாய்க் கொழுப்பு," என்றாள் கனகவல்லி. தூக்கை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் அதே நேரத்துக்கு அதே தூக்கோடு வந்தாள். இந்தத் தடவை சர்க்கரையைக் குறைத்துக் கிளறியிருந்தாள். ஓவியம்மாள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, சின்னக் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். கனகவல்லி பரீட்சை எழுதினவள்போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப நெய் பத்தலைங்க," என்றாள் ஓவியம்மாள், இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டே.